பாதி கோர்ட் போதாது என்றவர்: பாட் சம்மிட்

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து என்றாலே ஆண்கள் அணிக் கோச்களைத்தான் வரிசையாகச் சொல்வார்கள். இன்று நாம் பார்க்கப்போவது 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம் எடுத்த ஒரு பெண் கோச்சை, பாட் சம்மிட்டை.

[திரையில்: 1974, டென்னசி பல்கலைக்கழகம், நாக்ஸ்வில்]

இங்கே பெண்கள் அணிக்குக் கோச்சாக வந்தபோது பாட் சம்மிட்டுக்கு வயது 22, மாதச் சம்பளம் 250 டாலர். அணியில் சிலர் அவரைவிட ஒரே ஒரு வயதுதான் சின்னவர்கள். சீருடை துவைப்பதும் அவர், வெளியூர் ஆட்டத்துக்கு வேன் ஓட்டுவதும் அவர். முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

பண்ணைக் குடும்பத்துப் பெண் அவர். வேலையெல்லாம் முடிந்தபின் அண்ணன்களோடு வைக்கோல் பரணில் பந்து விளையாடி வளர்ந்தவர். பக்கத்துப் பள்ளியில் பெண்கள் அணி இல்லை என்பதற்காக அவர் அப்பா குடும்பத்தையே வேறு ஊருக்குக் குடிமாற்றினார், அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமில்லை.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். அன்றைக்கு டென்னசி பள்ளிகளில் பெண்கள் ஆட்டத்துக்கென்று தனி விதி இருந்தது: அணிக்கு ஆறு பேர், அதில் மூன்று பேர் கூடை போட மட்டும், மூன்று பேர் தடுக்க மட்டும், நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பந்து அந்தப் பக்கம் போய்விட்டால் கோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தடுப்பில் நிற்கும் பெண் பள்ளி முடிக்கும்வரை ஆடினாலும் ஆட்டத்தில் ஒரு கூடைகூடப் போட்டிருக்க மாட்டாள். பெண்களின் உடம்பு முழு கோர்ட்டில் ஓடத் தாங்காது என்ற பழைய நினைப்பில் பிறந்த விதி இது. கல்லூரியிலோ ஐந்து பேர், முழு கோர்ட்! இந்த விதியை மாற்றாவிட்டால் சொந்த மாநிலப் பெண்களையே அணியில் எடுக்க மாட்டேன் என்றார் பாட். 1970களின் கடைசியில் விதி மாறியது. பட்டங்களைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் இதில் பயனடைந்த பெண்களில் பெரும்பாலோர் அவருடைய அணிக்கு வந்தவர்களே இல்லை.

தன் அணியிடமும் அவர் அப்படித்தான், பாதியோடு விடமாட்டார். பயிற்சியில் ஆண் மாணவர்களை எதிரே நிறுத்தி மோதவிடுவார். வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும், மட்டம் போடவே கூடாது. ஆடத் தகுதியுள்ள வருடங்களை முழுதாக அவரிடம் முடித்த அத்தனை பேரும் படிப்பை முடித்துக் கல்லூரிப் பட்டம் வாங்கினார்கள். 1976 ஒலிம்பிக்கில் வீராங்கனையாக வெள்ளி, 1984இல் பயிற்சியாளராகத் தங்கம், அப்புறம் 1997-98இல் டென்னசி அணியோடு 39 ஆட்டம், 39 வெற்றி.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு அல்சைமர் என்ற மறதி நோய் இருப்பதாக அவரே வெளியே சொன்னார். சொல்லிவிட்டு அந்த சீசன் முழுக்க அணியோடு இருந்தார். 2012இல் பொறுப்பை ஹோலி வார்லிக்கிடம் கொடுத்தார், 1970களில் அவரிடமே ஆடிய பெண். பாட் இறந்தது 2016 ஜூனில்.