டெனருக்கும் வயிறு உண்டு

அவைத்தலைவர் ஐயா அவர்களே, ஆராதனை முடிந்த கையோடு சாப்பிடக்கூடப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கும் போதகர் அவர்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் அண்ணனே, அதற்குப் பணம் கொடுத்த பொருளாளர் அவர்களே, பின்வரிசைக் கொயர் பிள்ளைகளே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் காபி நேரத்தில் சண்டைக்கு வாருங்கள்.

பீட்டர் பியர்ஸ் என்ற இங்கிலாந்து டெனரை, அதாவது மேல் ஸ்தாயி ஆண் குரலில் பாடுகிறவரைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: அவர் பார்த்த வேலை, அவர் குரல், அவர் மூச்சைப் பிடித்த விதம். அதற்கு முன்னால் என் பழமொழி: "பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்." ஏற்கெனவே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1910-ல் பிறந்தவர். ஆக்ஸ்போர்டு படிப்பை முடிக்கவில்லை, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார், அப்புறம் 1934 வாக்கில் பிபிசி பாடகர் குழுவில் சேர்ந்து சம்பளத்துக்குப் பாடினார். வானொலிக் குழு என்றால் நொட்டேஷனைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் பாட வேண்டும், பக்கத்தில் நிற்பவர் குரலைத் தாண்டி நம் குரல் துருத்தவும் கூடாது. 1938-ல்கூட கிளைண்ட்போர்ன் ஓபராவில், அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகத்தில், கூட்டத்தோடு பாடும் கோரஸில்தான் நின்றார். 1945-ல் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் 'பீட்டர் கிரைம்ஸ்' ஓபரா முதல் மேடையேற்றத்தில் கதாநாயகன். நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் முதன்முதலாகப் பாடியபோது வயது 64! பாடப் பாட ராகம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1940 நவம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயம் இடிந்தது. பக்கத்திலேயே புதிதாகக் கட்டினார்கள், 1962 மே 30 அன்று அங்கே பெஞ்சமின் பிரிட்டனின் 'வார் ரெக்வியம்' அரங்கேற்றம், போரில் செத்தவர்களுக்கான இசை ஆராதனை. டெனர் நம்ம பியர்ஸ், சண்டைக்குப் போகமாட்டேன் என்று மனசாட்சியைக் காரணம் சொல்லி மறுத்த மனுஷன். பாரிட்டோன், அதாவது நடு ஸ்தாயி ஆண் குரல், யார் தெரியுமா? ஃபிஷர் டீஸ்காவ், ஜெர்மன் ராணுவத்தில் இருந்து, இத்தாலியில் அமெரிக்கர்களிடம் கைதியாகக் கிடந்தவர். கடைசிப் பாட்டில் செத்துப்போன இரண்டு சிப்பாய்கள் இருட்டில் சந்திக்கிறார்கள், ஒருவனைக் கொன்றவனே மற்றவன், இனி தூங்குவோம் என்கிறார்கள். அதை இந்த இருவரும் சேர்ந்து பாட வேண்டும்! பாடி முடித்தார்கள். ஜெர்மன்காரரால் எழுந்திருக்க முடியவில்லை. செத்த சிநேகிதர்கள் எல்லாம் நினைவில் வந்துவிட்டார்கள், முகத்தை எங்கே ஒளிப்பது என்றே தெரியவில்லை என்று பின்னால் அவரே எழுதினார். அவரை இருக்கையிலிருந்து கிளப்புவதற்குள் பியர்ஸ் பாடு பெரும்பாடாகிவிட்டது.

சரி, அதே பிபிசி குழுவை 2023 மார்ச்சில், நூற்றாண்டுக்கு ஒரு வருஷம் இருக்கும்போது, மூடப்போவதாக அறிவித்தார்கள். இருப்பதே 20 பாடகர்கள். மூட மூட ரோகம்! லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த முடிவை நிறுத்திவைத்தார்கள். சம்பளம் இருந்ததால்தான் பியர்ஸ் பாடிக்கொண்டிருந்தார் என்று நான் சொல்வேன். நம் கொயரில் டெனர் பையன்கள் ஒவ்வொருவராக வேலை தேடிப் போய்விடுகிறார்கள், நாமோ பஸ் காசுகூடக் கொடுப்பதில்லை, வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் கேக்கோடு முடித்துக்கொள்கிறோம். மாதப்படி கொடுங்கள் என்று மூன்று கமிட்டிக் கூட்டத்திலும் கேட்டுவிட்டேன், பொருளாளர் சிரிக்கிறார்.

குரலும் மூச்சும் பாக்கி, தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். வாசல் மேசையில் மனு இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். போதகர் ஐயா முதல் கையெழுத்துப் போட்டால் நல்லது.