பஸ்ஸை மாத்தினாங்க, பங்க்கை மறந்துட்டாங்க: டெல்லி சிஎன்ஜி கதை

[காட்சி: பஸ்ஸோட கேஸ் பிரஷர் மீட்டர், முள் நல்லாத் தெரியுற அளவுக்கு க்ளோசப்]

இந்த மீட்டரைப் பாருங்க. நேத்து ராத்திரி கேஸ் நிரப்பி முடிச்சப்போ முள் 200-ல நின்னுச்சு. பஸ் டிப்போவிலேயேதான் நின்னுது, ஒரு அடிகூட நகரலை. காலையில பார்த்தா முள் கீழ இறங்கியிருக்கு. டிரைவருக்கு முதல்ல வர்ற சந்தேகம், "எங்கயோ லீக்". ஆனா லீக் இல்லை. காரணத்தைக் கொஞ்ச நேரத்துல சொல்றேன். டெல்லி பட்ட பாட்டுல பாதி அந்த முள்ளுக்குள்ளதான் இருக்கு.

[காட்சி: பழைய டீசல் பஸ், பின்னாடி கரும்புகை]

எம்.சி. மேத்தாங்கிற வழக்கறிஞர் 1985-ல டெல்லி காத்து மாசைப் பத்தி உச்ச நீதிமன்றத்துல பொதுநல வழக்கு போட்டார். அது வருஷக்கணக்குல நடந்துச்சு. 1998 ஜூலை 28-ல வந்த உத்தரவு, நகர பஸ் எல்லாம் 2001 மார்ச் 31-க்குள்ள சிஎன்ஜிக்கு, அதாவது அழுத்தி அடைச்ச இயற்கை வாயுவுக்கு, மாறணும்னு சொல்லுச்சு. அதே உத்தரவுல இன்னொரு வரியும் இருக்கு, அதை யாரும் அவ்வளவா பேசறதில்லை. அப்போ இருந்த 9 கேஸ் பங்க்கை 80 ஆக்கணும், அதுவும் 2000 மார்ச் 31-க்குள்ள. பங்க்குக்கு வச்ச கெடு, பஸ்ஸுக்கு வச்ச கெடுவுக்கு ஒரு வருஷம் முன்னாடி. காகிதத்துல வரிசை சரியாத்தான் இருந்துச்சு.

[காட்சி: எஞ்சின் சிலிண்டர் அனிமேஷன். இடது பக்கம் டீசல், வலது பக்கம் சிஎன்ஜி]

கேஸுக்கு மாத்துறதுன்னா டேங்க்கை மட்டும் மாத்துறது இல்லை. டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை ரொம்ப இறுக்கமா அமுக்குவாங்க, அது கொதிக்கிற சூடாகும், அதுல டீசலைப் பீய்ச்சினதும் தானாப் பத்திக்கும். பீய்ச்சின இடத்துல எரிபொருள் கெட்டியா இருக்கும், அங்க காத்து பத்தாது. பாதி வெந்த கரி அங்கதான் உருவாகுது. நாம பார்க்கிற கரும்புகை அதுதான்.

சிஎன்ஜியில பெரும்பகுதி மீத்தேன். ஒரு கார்பன், நாலு ஹைட்ரஜன், அவ்வளவுதான். கார்பனோட கார்பன் ஒட்டியிருக்கிற சங்கிலியே இல்லாததால கரி சேர்றது ரொம்பக் குறைவு. காத்தோட முன்கூட்டியே நல்லாக் கலந்தும் போகுது. ஆனா மீத்தேன் தானாப் பத்திக்க ஏறக்குறைய 540 டிகிரி செல்சியஸ் வேணும். டீசலுக்கு அதுல பாதிகூட வேண்டாம். அதனால இன்ஜெக்டர் இருந்த இடத்துல ஸ்பார்க் பிளக் வரணும், பிஸ்டனை மாத்தி அமுக்கத்தைக் குறைக்கணும். பழைய டீசல் எஞ்சினை இப்படி மாத்துறது உண்டு, ஆனா என்னைக் கேட்டா அது ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி. கேஸுக்குன்னே செஞ்ச எஞ்சின்தான் நிம்மதி.

[காட்சி: ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, பக்கத்துல தராசு]

இப்போ இடப் பிரச்சினைக்கு வருவோம். ஒரு லிட்டர் இடத்துல டீசல் சுமார் 830 கிராம் பிடிக்கும். அதே இடத்துல 200 பார் அழுத்தத்துல அடைச்சாலும் கேஸ் 160, 170 கிராம்தான். பஸ் டயர்ல இருக்கிற காத்தே 7, 8 பார்தான்னா, 200 எவ்வளவுன்னு நீங்களே யோசிச்சுக்கங்க. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கணும்னா சிலிண்டர் கனமா இருக்கணும். தாழ்தள பஸ்ல அதை வைக்கக் கீழ இடமே இல்லை, கூரையிலதான் ஏத்தணும்.

[காட்சி: மறுபடி பிரஷர் மீட்டர்]

சரி, முள் ஏன் இறங்குச்சு? காலி சிலிண்டருக்குள்ள கேஸை வேகமா அடைக்கும்போது அது சூடாகும். சைக்கிளுக்குக் காத்தடிச்சவங்களுக்குத் தெரியும், பம்ப்போட அடிப்பக்கம் கையைச் சுடும். சூடான கேஸ் கொஞ்சமா இருந்தாலே 200 பார் காட்டும். நிரப்புறவர் நிறுத்திடுவார். ராத்திரி ஆறினதும் அழுத்தம் குறையும். ஆக, சிலிண்டர் முதல்லயே முழுசா நிரம்பலை. மெதுவா நிரப்பினா இந்தக் குறை குறையும். ஆனா மெதுவா நிரப்ப ராத்திரி முழுக்க டிப்போவுல குழாய் மாட்டி வைக்கிற வசதி வேணும். பங்க்குல பின்னாடி இருபது வண்டி ஹாரன் அடிக்கும்போது யார் மெதுவா நிரப்புவாங்க?

[காட்சி: மதர் ஸ்டேஷன், லாரியில சிலிண்டர் அடுக்கு, டாட்டர் ஸ்டேஷன் அனிமேஷன்]

பங்க்குலயும் ஜாதி உண்டு. பைப்லைன் பக்கத்துல பெரிய கம்ப்ரசரோட இருக்கிறது மதர் ஸ்டேஷன். பைப்லைன் எட்டாத இடத்துக்கு லாரியில சிலிண்டர் அடுக்கை ஏத்தி அனுப்புவாங்க, அது டாட்டர் ஸ்டேஷன். லாரி வந்ததும் முதல்ல நிக்கிற வண்டிக்கு வேகமா ஏறும். அடுக்குல அழுத்தம் குறையக் குறைய, பின்னாடி வர்ற வண்டிக்கு நேரமும் அதிகம், கிடைக்கிற கேஸும் குறைவு. மூணாவது டிரிப்புக்கே திரும்ப வரிசைக்கு வரணும். வரிசை இப்படித்தான் வரிசையையே வளர்க்கும். கரண்ட் போச்சுன்னா கம்ப்ரசரும் நின்னுடும்.

டெல்லியில நடந்தது இதுதான். பங்க்குக்கு வச்ச கெடு தவறுச்சு. வந்த பங்க்குலயும் நிறைய டாட்டர் வகை. 2001 ஏப்ரல் தொடக்கத்துல டீசல் பஸ் ரோட்டை விட்டு விலகினப்போ சிஎன்ஜி பஸ் பத்தலை, ஜனங்க ஸ்டாப்புல நின்னு கொதிச்சுப் போனாங்க. கெடு தள்ளிப் போச்சு. ஆட்டோக்காரங்க பங்க் வாசல்லயே ராத்திரி தூங்கினாங்க. ஒரு நாள் வரிசையில போனா அந்த நாள் வருமானம் போச்சு. இந்த நஷ்டத்தை எந்தத் திட்ட அறிக்கையும் கணக்குல எடுக்கலைங்கிறதுதான் என் கோபம்.

இதுக்கு நடுவுல, வண்டி எரிபொருள் கொள்கைக்காக மத்திய அரசு போட்ட மாஷேல்கர் குழு வேற ஒரு வாதம் வச்சுது: அரசு எரிபொருளோட பேரைச் சொல்ல வேண்டாம், புகை அளவுக்கு வரம்பு மட்டும் சொல்லட்டும். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா டீசல்ல கலப்படம் நடந்த காலம் அது. கேஸ்ல மண்ணெண்ணெய் கலக்க முடியாது. நீதிமன்றம் அசையலை. 2002 ஏப்ரல்ல, ஓடுற ஒவ்வொரு டீசல் பஸ்ஸுக்கும் நாளுக்கு 500 ரூபாய், முப்பது நாள் தாண்டினா 1,000 ரூபாய் அபராதம்னு உத்தரவு. அந்த வருஷக் கடைசிக்குள்ள நகர பஸ்கள் கேஸுக்கு மாறி முடிஞ்சுது.

[காட்சி: குழாய் இணைப்புல சோப்புத் தண்ணி தடவுற கை]

"வெடிக்காதா?" கமென்ட்ல கட்டாயம் வரும், இப்பவே சொல்லிடறேன். மீத்தேன் காத்தைவிட லேசு, கசிஞ்சா மேல போயிடும். எல்பிஜி மாதிரி தரையில தேங்காது. காத்துல 5-லிருந்து 15 சதவீதம் வரை கலந்திருந்தாத்தான் பத்தும். ஆனாலும் ஆரம்பத்துல டெல்லியில சில பஸ் எரிஞ்சுது. உயர் அழுத்தக் குழாய், இணைப்பு இதையெல்லாம் சரியாப் பொருத்தலைன்னா எந்த இயற்பியலும் காப்பாத்தாது.

கசிவு இருக்கான்னு இணைப்புல சோப்புத் தண்ணி தடவிப் பார்க்கிறது சின்ன வேலை மாதிரி தெரியும். ஆனா அதைச் செய்ய இன்னொரு காரணமும் இருக்கு. எரியாம வெளியேறுற மீத்தேன் 20 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதே அளவு ஆற்றலுக்கு கேஸ் டீசலைவிடக் கால் பங்கு கார்பன் டை ஆக்சைடு குறைவாத்தான் விடும், நிஜம். ஆனா ஸ்பார்க் எஞ்சின் கொஞ்சம் அதிகம் குடிக்கும், கசிவும் சேர்ந்தா அந்த லாபம் கரைஞ்சுடும். கரும்புகைக்கு கேஸ் நல்ல மருந்து. பூமி சூட்டுக்கு அது அரை மருந்துதான்.

கரும்புகையிலயும் போட்டி நெருங்கிடுச்சு. டெல்லியில 2018-லிருந்து, நாடு முழுக்க 2020-லிருந்து, பிஎஸ்-6ங்கிற புகை விதிக்கு ஏத்த டீசல்ல கந்தகம் பத்து லட்சத்துக்கு 10 பங்குதான். 1990-கள்ல அது ஆயிரக்கணக்குல. புது டீசல் பஸ்ல கரியைப் பிடிக்கிற வடிகட்டியும் வருது. அதனால இன்னைக்கு ஒரு நகரம் புதுசா கேஸுக்கு மாறணுமான்னு கேட்டா, பைப்லைன் ஏற்கெனவே டிப்போ வாசல் வரை இருக்கான்னுதான் நான் முதல்ல கேட்பேன். இருந்தா, சாணத்துலயும் குப்பையிலயும் எடுக்கிற உயிரிவாயுவைச் சுத்திகரிச்சு அதே பஸ்ல, அதே சிலிண்டர்ல நிரப்பலாம். எஞ்சினுக்கு வித்தியாசம் தெரியாது.

[காட்சி: நிரப்புற வால்வு பக்கத்துல இருக்கிற சின்ன உலோகத் தகடு]

கேஸ் வண்டி வச்சிருக்கிறவங்க நிரப்புற வாய்ப் பக்கம் இந்தத் தகட்டைத் தேடிப் பாருங்க. மூணு வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்குத் தண்ணி அடைச்சு அழுத்தச் சோதனை பண்ணணும். அடுத்த தேதி தாண்டிடுச்சான்னு இன்னைக்கே பார்த்துடுங்க.