மூன்று ஓடு உடைந்ததற்கு முழுக் கூரையையும் பிரிக்கணுமா?

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் ஆரம்பிக்கிறேன். போன வாரக் காற்றில் பின்பக்கத்துத் தென்னையிலிருந்து மட்டை விழுந்து மூன்று ஓடு உடைந்துவிட்டது. பார்க்க வந்தவர் ஏணியில்கூட ஏறவில்லை. கீழே நின்றபடியே, "இந்தப் பக்கம் முழுக்கப் பிரித்து மேயணும், 28,000 ஆகும்" என்கிறார். மூன்று ஓட்டுக்கு! குமரி மாவட்டத்தில் ஜூன் மழை வாசலில் நிற்கும்போது கூரையைப் பிரிக்கச் சொல்கிறவரை என்ன சொல்வது?

நம்ம வீட்டில் இருப்பது மங்களூர் ஓடு. 1865இல் அங்கே பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு ஆரம்பித்த தொழிற்சாலையிலிருந்து பரவிய ரகம். இதில் ஆணியும் கிடையாது, சாந்தும் கிடையாது. ஓட்டின் அடியில் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கிற பகுதி ரீப்பரில், அதாவது ஓட்டைத் தாங்குகிற குறுக்குக் கட்டையில் மாட்டியிருக்கும், பக்கத்து ஓட்டின் விளிம்பு இதன் பள்ளத்தில் படிந்திருக்கும், மேல் வரிசை ஓட்டின் கீழ்நுனி இதன் தலைமேல் ஏறியிருக்கும், அவ்வளவுதான். அதனால் ஒன்றை மட்டும் தாராளமாகக் கழற்றலாம், அதுவும் வீட்டுக்குள்ளே ஏணி போட்டு நின்றே.

மேல் வரிசை ஓட்டின் நுனியை உள்ளிருந்து கையால் மெதுவாக உயர்த்தி, ஒரு விரல் கனத்துக்கு மர ஆப்பு சொருகுங்கள். நம்ம கூரையில் வரிசை மாற்றி மேய்ந்திருப்பதால் மேலே இரண்டு ஓட்டுக்கும் ஆப்பு வேண்டும். விளிம்பு ஏறியிருக்கிற பக்கத்து ஓட்டுக்கும் ஒன்று. உடைந்ததை லேசாகத் தூக்கினால் மூக்கு ரீப்பரை விட்டு வரும். அப்படியே சாய்த்துச் சட்டங்களுக்கு நடுவே உள்ளே இறக்கிவிடலாம். புதியதையும் அதே வழியில் ஏற்றி, மேல் ஓட்டுக்கு அடியில் நன்றாகத் தள்ளி, பிறகு கொஞ்சம் கீழே இழுங்கள். மூக்கு ரீப்பரில் உட்காரும்போது "டக்"கென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்! அப்புறம் ஆப்பை உருவிவிட வேண்டியதுதான்.

இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன். இதற்கெல்லாம் முன்னால், நல்ல வெயில் நேரத்தில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள், வெளிச்சம் வருகிற ஓட்டில் சாக்பீஸால் குறி போடுங்கள். தண்ணீர் சொட்டுகிற இடத்தை நம்பாதீர்கள். அது ரீப்பர் வழியாக ஓடி வேறெங்கோ சொட்டும், உடைசல் மேட்டுப் பக்கம் இருக்கும். கீழே சாக்கு விரிக்கவும் மறக்காதீர்கள்.

இப்போது ஓட்டு விலைக் கதை. பழைய ஓடு விற்கிற கடையில் ஒன்று 70 ரூபாய் என்றார்கள். எழுபது! அதிலும் விரலால் தட்டினால் பாதி "சொத்" என்கிறது. நல்ல ஓடு "கணீர்" என்று கேட்கணும். பேரம் பேசினேன், 65க்குக் கீழே வரவில்லை, வண்டிக் கூலி தனியாம். வெளியே வந்து மார்த்தாண்டம் போகிற வழியில், இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய வீட்டில் கேட்டால் 20 ரூபாய்க்குத் தந்தார்கள்! அடியில் அச்சிட்டிருக்கும் தொழிற்சாலைப் பெயர்கூட நம்ம ஓட்டோடு அப்படியே பொருந்தியது. இது ரொம்ப முக்கியம் மக்களே. ஒரு தொழிற்சாலை ஓட்டுக்கும் இன்னொன்றுக்கும் பள்ளத்தின் அளவு கொஞ்சம் மாறும், மாறினால் விளிம்பு படியாது, ஒழுகும். அதனால் கடைக்குப் போகும்போது உடைந்த துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். அந்த 20 ரூபாய் ஓடுகளை வண்டியின் முன்னால் வைத்துக் கொண்டுவந்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

ஆ, இன்னொன்று. பக்கத்து ஓட்டைத் தூக்கியிருக்கும்போதே அந்தப் பள்ளத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். பாசியும் சருகும் அடைத்தால் ஓடு முழுசாக இருந்தாலும் தண்ணீர் உள்ளே வரும்.

விரிசலில் சிமெண்ட் பூசலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்! எனக்கு அறவே பிடிக்காத வேலை அது. கொஞ்ச நாளில் விட்டுப்போகும், அதற்குள் பக்கத்து ஓட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், அடுத்த தடவை ஒன்றுக்கு இரண்டாக உடைக்கணும்.

கூரை உச்சியில் இருக்கிற முகட்டு ஓடு மட்டும் இந்த முறையில் வராது. அது சாந்து வைத்த வேலை, மேலே ஏறித்தான் ஆகணும். மழை விட்டதும் அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன்.