சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் ஹாவர்த் என்றொரு சிற்றூர். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தபடி அங்கே பாதிரியார் வீடு. இரவு ஒன்பது மணியானால் பாட்ரிக் பிரான்ட்டி வாசற்கதவைப் பூட்டி, மாடிப்படியில் இருக்கும் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுப் படுக்கப் போவார். அதன் பிறகு சாப்பாட்டு அறையில் அவருடைய மகள்கள் சார்லட், எமிலி, ஆன் மூவரும் மேசையைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். எழுதியதை வாசித்துக் காட்டுவார்கள், கதை மேலே எப்படிப் போகலாம் என்று பேசுவார்கள். சார்லட்டின் ‘ஜேன் அயர்’ 1847 அக்டோபரிலும், எமிலியின் ‘வதரிங் ஹைட்ஸ்’, ஆனின் ‘ஆக்னஸ் கிரே’ இரண்டும் அதே ஆண்டு டிசம்பரிலும் வெளிவந்தன.

சார்லட் மீது பற்றுக்கொண்ட வாசகர் அந்த வீட்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அதற்கு முதலில் தேவைப்படுவது ஒரு வெள்ளைத்தாள். ஆறு பிள்ளைகளின் பெயரையும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்: மரியா, எலிசபெத், சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். பிரான்வெல் ஒருவர்தான் ஆண். பக்கத்தில் தேதிகள். மூத்தவள் மரியா 1825 மே 6 அன்றும், எலிசபெத் ஜூன் 15 அன்றும் இறந்தார்கள். இருவருமே கோவன் பிரிட்ஜ் பள்ளியிலிருந்து காசநோயோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். ‘ஜேன் அயர்’ நாவலில் லோவுட் பள்ளியில் ஹெலன் பர்ன்ஸ் சாகும் இடத்தை இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். அக்காக்கள் இறந்தபோது சார்லட்டுக்கு வயது ஒன்பது.

இதே தாள் சார்லட்டின் ‘ஷெர்லி’ நாவலை வாசிக்கும்போதும் கைகொடுக்கும். 1848 செப்டம்பர் 24இல் பிரான்வெல், டிசம்பர் 19இல் எமிலி, 1849 மே 28இல் ஆன். எட்டே மாதத்தில் மூன்று சாவு. பாதியில் நின்ற நாவலைச் சார்லட் மறுபடி கையில் எடுத்தது 24ஆம் அத்தியாயத்தில். மரண நிழலின் பள்ளத்தாக்கு என்ற பைபிள் தொடர்தான் அதன் தலைப்பு.

அடுத்தது பதிப்பு. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

‘ஜேன் அயர்’ மூன்று பாகங்களாக வந்த நூல். இன்றைய பல பதிப்புகளில் 1 முதல் 38 வரை ஒரே ஓட்டமாக எண் போட்டிருப்பார்கள். 15, 26 ஆகிய எண்களுக்குப் பின்னால் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் பாகம் படுக்கையில் தீப்பிடிக்கும் இரவோடு முடிகிறது, இரண்டாவது திருமணம் நின்றுபோன நாளோடு. அந்த இரண்டு இடத்திலும் புத்தகத்தை மூடி வைத்தால்தான் சார்லட் கட்டிய கதையின் வேகம் பிடிபடும்.

‘வதரிங் ஹைட்ஸ்’ விஷயத்தில் முன்னுரையில் ‘பாடம்’ பற்றிய குறிப்பை, அதாவது எந்த ஆண்டுப் பதிப்பின் வாசகத்தை அச்சிட்டிருக்கிறார்கள் என்ற குறிப்பைத் தேடுங்கள். எமிலி இறந்த பிறகு 1850இல் சார்லட் அதை மறுபதிப்புக்குத் திருத்தினார். சிறு பத்திகளை ஒன்றோடொன்று இணைத்தார். வேலைக்காரர் ஜோசப் பேசும் யார்க்‌ஷயர் வட்டாரப் பேச்சை வெளியூர்க்காரருக்குப் புரியும்படி இளக்கினார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஜோசப்பின் கரடுமுரடு போனால் அந்த வீட்டின் குளிரும் குறைந்துவிடுகிறது. 1847 பாடத்தைப் பின்பற்றும் பதிப்பையே வாங்குங்கள்.

மிகப் பெரிய சேதம் ஆனுக்குத்தான். அவருடைய இரண்டாவது நாவல் ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’ 1848இல் வந்தது. குடிகாரக் கணவனிடமிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வெளியேறும் பெண்ணின் கதை. திருமணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் முழு உரிமையை இங்கிலாந்துச் சட்டம் தந்தது 1882இல்தான். நாவல் அதற்கு 34 ஆண்டுகள் முந்தியது. ஆன் இறந்தபின் சார்லட் இதை மறுபடி அச்சிட விரும்பவில்லை. குடியால் சீரழிந்த தம்பியின் நினைவு அவரை வாட்டியிருக்கலாம். இருந்தாலும், சார்லட்டை எவ்வளவு நேசிப்பவரும் இதைத் தவறு என்று சொல்லத்தான் வேண்டும்.

பிறகு 1854இல் ஒரு மலிவுப் பதிப்பாளர் நாவலை வெட்டிச் சுருக்கினார். அந்த வெட்டுப்பட்ட பாடமே பல தலைமுறைகளுக்குத் திரும்பத் திரும்ப அச்சாகி வந்தது. கையில் இருப்பது முழு நூலா என்று அறிய எளிய வழி இருக்கிறது. கதை 1827ஆம் ஆண்டு இலையுதிர் காலத்துக்குப் போவதற்கு முன்னால், கதை சொல்லும் கில்பர்ட் தன் நண்பர் ஹால்ஃபோர்டுக்கு எழுதும் முகப்புக் கடிதம் இருக்க வேண்டும். அத்தியாயங்கள் மொத்தம் 53 இருக்க வேண்டும். 28ஆவதில் கைக்குழந்தையைப் பார்த்து நாவலின் நாயகி ஹெலன் கவலைப்படுவாள், அதையும் வெட்டியிருந்தார்கள். முகப்புக் கடிதம் இல்லாவிட்டால், நாவல் முழுவதுமே நண்பருக்கு எழுதிய கடிதம் என்பது வாசகருக்குத் தெரியாமலே போகும்.

வாழ்க்கை வரலாற்றுக்கு வருவோம். நாவலாசிரியர் எலிசபெத் காஸ்கெல் 1857இல் எழுதிய சார்லட் வரலாறு அருமையான நூல். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. பிரஸ்ஸல்ஸில் தனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் எகேக்குச் சார்லட் எழுதிய கடிதங்களின் வேதனையைக் காஸ்கெல் மறைத்தார். அவற்றில் நான்கு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சிலவற்றில் கிழித்தெறிந்த காகிதத் துண்டுகளை ஊசிநூலால் தைத்து ஒட்டியிருக்கிறார்கள். தைத்தவர் எகேயின் மனைவி என்பது அந்தக் குடும்பத்தார் சொன்ன செய்தி. 1913இல் அவை வெளியானபின், பிரஸ்ஸல்ஸ் அனுபவத்தை வைத்துச் சார்லட் எழுதிய ‘வில்லெட்’ நாவலை முன்போல வாசிக்க முடியவில்லை.

இப்படி ஒவ்வொன்றையும் சரிபார்ப்பதைப் பற்றுள்ள வாசகர்கள் நூறாண்டுக்கு மேலாகச் செய்து வருகிறார்கள். பிரான்ட்டி சங்கம் 1893இல் தொடங்கியது. அந்த வீடு 1928இல் அருங்காட்சியகமானது. ஸ்கார்பரோவில் ஆனின் கல்லறையில் வயது 28 என்று பொறித்திருக்கிறார்கள். இறந்தபோது அவருக்கு 29. பழைய கல்லை அப்படியே விட்டு, சரியான வயதோடு பக்கத்தில் ஒரு புதுக் கல்லைச் சங்கம் பதித்தது.

பிரான்ட்டி என்ற பெயரை ஆங்கிலத்தில் Brontë என்று எழுதும்போது கடைசி எழுத்தின் மேல் இரண்டு புள்ளிகள் உண்டு. அந்த எழுத்தைத் தனியாக உச்சரிக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில், கவிஞர் மூலையில் 1939இல் வைத்த நினைவுக்கல்லில் மூன்று சகோதரிகளின் பெயரிலும் அந்தப் புள்ளிகள் விடுபட்டிருந்தன. ஒரு வாசகி கவனித்துக் கேட்டார். 2024 செப்டம்பரில் மடத்தின் கல்தச்சர் புள்ளிகளை உளியால் தட்டிச் செதுக்கினார், மற்ற எழுத்துகளின் நிறத்திலேயே அவற்றுக்கு வண்ணம் தீட்டினார்கள்.

வணக்கம்.