தெர்மல் ஸ்கேன் நார்மல்னு வந்துடுச்சு, மேமோகிராம் வேணுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். ஒரு சகோதரி கேட்டிருக்காங்க, வயசு 46. "மேடம், மார்பகத்துக்கு தெர்மல் ஸ்கேன் எடுத்தேன், நார்மல்னு வந்துச்சு, வலியும் இல்ல கதிரியக்கமும் இல்ல, இனிமே மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க வேணாம்தானே?" இது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு, ஏன்னா அவங்க முடிவே பண்ணிட்டாங்க, நான் சரின்னு சொன்னா போதும்.

என்னோட வீடியோ தொடர்ந்து பாக்குறவங்களுக்குத் தெரியும், நான் எப்பவும் சொல்றதுதான், சூடு வேற, கட்டி வேற. தெர்மல் ஸ்கேன் எடுக்குற கேமரா உடம்புக்குள்ள எதையும் அனுப்பாது, நம்ம தோல்லேர்ந்து வர்ற அகச்சிவப்புக் கதிரைத்தான் படம் புடிக்குது. தொடாம, அழுத்தாம எடுக்குறாங்கங்கிறது முழுக்க உண்மை. புற்றுநோய் வளரும்போது புதுசா ரத்தக் குழாய்ங்க உண்டாகும், ரத்த ஓட்டம் கூடும், மேல இருக்கிற தோல் கொஞ்சம் சூடாகலாம். 1956லயே கனடாவுல ரே லாசன்னு ஒரு சர்ஜன் இதை எழுதிட்டார். யோசனை நல்ல யோசனைதான். ஆனா அந்தச் சூடு தோல் வரைக்கும் வந்தாத்தானே கேமராவுக்குத் தெரியும்? ஆழத்துல இருந்தா, சின்னதா இருந்தா, மெதுவா வளர்றதா இருந்தா தெரியாமலே போகலாம். இன்னொரு பக்கம், பால் குடுக்குறவங்களுக்கு வர்ற அழற்சி, ஏன் வெயில்ல நடந்துட்டு வந்தாக்கூட சூடு காட்டும், அதனாலதான் ஸ்கேனுக்கு முன்னாடி குளிர்ந்த ரூம்ல கொஞ்ச நேரம் உக்கார வெக்கிறாங்க.

மேமோகிராம் பாக்குறது வேற விஷயம். சில நேரம் புற்றுநோயோட ஆரம்ப அடையாளமா இருக்கிற, கைக்குத் தட்டுப்படாத பொடிப் பொடி கால்சியம் புள்ளியக்கூட அது காட்டும், அதுங்க சூடா இருக்கணும்னு அவசியமே இல்ல. சூடு வேற, கட்டி வேற. 1970கள்ல அமெரிக்காவுல நடந்த பெரிய பரிசோதனைத் திட்டத்துல தெர்மலையும் சேர்த்துப் பாத்துட்டு, நிறைய கேஸ தவற விடுதுன்னு நடுவுலயே நிறுத்திட்டாங்க. 1982ல அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி குடுத்ததும் துணைப் பரிசோதனையா மட்டும்தான்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்களுக்கு குளிக்கும்போது கட்டி கைக்குத் தட்டுப்பட்டுச்சு. பயத்துல, கூச்சத்துல, தொட மாட்டாங்கன்னு தெர்மல் எடுத்தாங்க, நார்மல், நிம்மதியாகி சில மாசம் விட்டுட்டாங்க. அந்த மாசங்கள நெனச்சாதான் எனக்கு வயிறு கலங்குது. அவங்க மேல தப்பே இல்ல, யாரும் சரியா சொல்லித் தரல.

அதனால நீங்க என்கிட்ட கேக்க வேண்டியது, "கைக்கு ஏதோ தட்டுப்படுது, என்ன பண்ண?"ங்கிறதுதான். உடனே டாக்டர்கிட்ட காட்டணும், அவங்க கையால பாத்துட்டு மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், தேவைன்னா ஊசியால கொஞ்சம் திசு எடுத்துப் பாக்குற பயாப்ஸினு போவாங்க. வலி இல்லாத கட்டின்னா ஆபத்தில்லன்னு நெனைக்காதீங்க, புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது. தோல் குழி விழுறது, காம்பு புதுசா உள்ள இழுத்துக்கறது, காம்புலேர்ந்து ரத்தக் கசிவு, இதுக்கும் காத்திருக்காதீங்க.

சகோதரி, உங்களுக்கு எந்த அறிகுறியும் இல்லன்னாலும் மேமோகிராம் எடுத்துடுங்க. 40லேர்ந்து 74 வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவைனு அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2024ல சொல்லியிருக்கு, குடும்பத்துல யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. கதிர் அளவு சுமார் 0.4 மில்லிசீவர்ட், இயற்கையா நம்ம மேல ஏழு வாரத்துல படுறதுதான். படம் எடுக்க மார்பகத்த அழுத்துறதும் சில நொடிதான், பீரியட்ஸ் முடிஞ்ச வாரத்துல போனா வலி கம்மியா இருக்கும். அன்னிக்கு பவுடர், டியோடரண்ட் மட்டும் போடாம போங்க, படத்துல அதுவும் கால்சியம் புள்ளி மாதிரியே தெரியும்.