தோசைக்கு ஒரு சூடு, முட்டைக்கு ஒரு சூடு

வணக்கம் நேயர்களே. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குச் சட்டென்று செய்து கொடுக்கும் காலைச் சாப்பாடு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் முட்டையையும் பிரெட்டையும் எடுத்துக்கொண்டேன். இதில் பேச என்ன இருக்கிறது, கல்லில் ஊற்றினால் ஆம்லெட், வாட்டினால் டோஸ்ட், அவ்வளவுதானே என்று நீங்கள் கேட்கலாம். சரி, அப்படியென்றால் பிள்ளைகள் ஏன் "கவிச்சி அடிக்குது" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறார்கள்?

நான் நினைப்பது இதுதான். நம் கை தோசைக்குப் பழகிய கை. கல் நன்றாகக் காய வேண்டும், தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று கேட்க வேண்டும், அப்புறம்தான் மாவு. அதே சூட்டில் முட்டையையும் உடைத்து ஊற்றிவிடுகிறோம். முட்டைக்கு அவ்வளவு சூடு தேவையே இல்லை. வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைக் கொஞ்சம் தாண்டியதுமே இறுகத் தொடங்கும். மஞ்சள்கரு ஏறக்குறைய 65 டிகிரியில் கெட்டிப்பட ஆரம்பித்து, 70ஐ ஒட்டி நன்றாக இறுகிவிடும். தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில். புகையப் போகிற கல்லில் விழும் முட்டையின் பாடு எப்படியிருக்கும்? புரதம் சுருண்டு, தனக்குள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிட்டு, ரப்பர் மாதிரி ஆகிவிடும். வெள்ளைக்கருவின் புரதத்தில் கந்தகம் உண்டு. சூடு மிஞ்சினால் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு பிரியும். பிள்ளை மூக்கைச் சுளிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ரொம்ப நேரம் அவித்த முட்டையில் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் இருக்குமே, அதுவும் இதே விவகாரம்தான். வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் கூடி உண்டாக்கிய நிறம் அது. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, வாடைதான் பிடிக்காது.

பிரெட்டின் குணம் இதற்கு நேர் எதிர். அது பொன்னிறமாகி மணக்க 140 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். இந்த வினையை 1912இல் விளக்கியவர் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவர் பெயரிலேயே இன்றும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் கறுக்க விடாதீர்கள். மாவுப் பண்டம் கருகக் கருக அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடிக்கொண்டே போகும்.

ஆக, ஒன்றுக்கு நல்ல சூடு வேண்டும், இன்னொன்றுக்கு இளஞ்சூடு போதும். அடுப்பும் கல்லும் ஒன்றுதான். அதனால் பிரெட் முதலில், முட்டை பிறகு. இந்த வரிசைதான் முக்கியம்.

செய்வது இப்படி. பிரெட் துண்டின் நடுவில் ஒரு சின்ன டம்ளரைக் கவிழ்த்து அழுத்தி, வட்டமாக ஒரு ஓட்டை போடுங்கள். இந்த வேலையைப் பிள்ளையிடமே விடலாம், சந்தோஷமாகச் செய்யும். கல்லை மிதமாகக் காயவைத்து, அரைக் கரண்டி நெய்யோ வெண்ணெயோ தடவி, ஓட்டை போட்ட துண்டையும் வெட்டியெடுத்த வட்டத்தையும் வையுங்கள். அடிப்பக்கம் சிவந்ததும் இரண்டையும் திருப்பிப் போட்டு, உடனே அடுப்பைச் சிம்மில் வைத்துவிடுங்கள். ஒரு அரை நிமிடம் பொறுங்கள், கல்லின் சூடு இறங்கட்டும். அவசரத்தில் நாம் விட்டுவிடுவது இந்த அரை நிமிடத்தைத்தான். ஓட்டைக்குள் இன்னும் துளி நெய் விட்டு, முட்டையை ஊற்றுங்கள். நேராகக் கல்லில் உடைக்காமல் ஒரு கிண்ணத்தில் உடைத்து ஊற்றுவது நல்லது. கெட்ட முட்டையாக இருந்தால் கிண்ணத்தோடு போய்விடும், ஓடு விழுந்தாலும் எடுத்துவிடலாம். உப்பு, மிளகுத்தூள் தூவி மூடி போடுங்கள். மூடிக்குள் தங்கும் ஆவி மேல்பக்கத்தை வேகவைத்துவிடும். இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் திறந்து, ஒருமுறை திருப்பிப் போட்டு எடுத்தால் முடிந்தது.

பெரியவர்கள் ஆஃப்பாயில் கேட்டால் அது அவர்கள் பாடு. சின்னக் குழந்தைகளுக்கு, முக்கியமாக ஐந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு, மஞ்சள்கரு ஓடக் கூடாது. முட்டையில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்க வாய்ப்பு உண்டு, நன்றாக வெந்தால்தான் அது சாகும். முழுக்க வேகவேண்டும் என்றதும் தீயைக் கூட்டிவிடாதீர்கள். சிம்மிலேயே இன்னும் ஒரு நிமிடம் விட்டால் வெந்துவிடும். முதன்முதலாக முட்டை கொடுக்கிற குழந்தையென்றால் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். சில குழந்தைகளுக்கு ஒவ்வாமை இருக்கும். உடம்பில் தடிப்போ வாய் வீக்கமோ வந்தால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

பிரெட் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கவரில் சேர்மானங்களை எடையில் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகத்தான் அச்சிட வேண்டும். பிரவுன் பிரெட் என்று பெயர் இருக்கும், முதல் இடத்தில் மைதா இருக்கும். அந்த நிறம் காரமல், அதாவது சர்க்கரையைக் காய்ச்சிக் கருக்கிய நிறமி, சேர்த்ததாலும் வந்திருக்கலாம்.

தொட்டுக்கொள்ள சாஸ் பாட்டிலை எடுக்கிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை, அதில் சர்க்கரை ரொம்ப அதிகம். முட்டையின் மேல் இட்லிப் பொடி தூவிப் பாருங்கள், கவிச்சி என்ற பேச்சே வராது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் கிடைக்கிறது, வைட்டமின் ஏ, டி எல்லாம் இருக்கின்றன. வைட்டமின் சி மட்டும் கிடையாது. முட்டையின் இரும்புச்சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்வதும் இல்லை. பக்கத்தில் நாலு துண்டு கொய்யா வைத்தால் இரண்டு குறையும் தீரும். கூடவே டீ கொடுத்தால் இரும்பு சேர்வது இன்னும் குறையும்.

பிள்ளை அரசுப் பள்ளியில் மதியம் சாப்பிடுகிறதா? அங்கேயே முட்டை கிடைத்துவிடும். தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கிய முட்டை, 2010இல் வாரத்துக்கு ஐந்து என்று ஆனது. அதனால் காலையில் வேண்டாம் என்று அழுகிற பிள்ளையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

கடைசியாகக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. முட்டை போட்ட கல்லில் அடுத்து வார்க்கிற தோசையிலும் வாடை ஏறும் என்று பல வீடுகளில் முட்டைக்கென்றே தனிக் கல் வைத்திருப்பார்கள். இடம் இருந்தால் நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். கழுவும்போது எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றாதீர்கள், ஒட்டியிருக்கும் முட்டை வெந்து இன்னும் பிடித்துக்கொள்ளும். கல் ஆறியதும் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் வந்துவிடும். நன்றி நேயர்களே, வணக்கம்.