எஸ்ஸன் போர்டு கேம் திருவிழாவுல ஒரு நாள்: பேசக் கூடாதுன்னு சொன்ன கேம்தான் செம

வணக்கம் மக்களே! சத்தம் கேக்குதா? இந்த இரைச்சல்ல மைக்கை வாய்க்கிட்டயே வச்சுப் பேசிட்டு இருக்கேன். இப்ப நான் ஜெர்மனியில எஸ்ஸன்ல இருக்கேன், மெஸ்ஸே எஸ்ஸன்னு பெரிய கண்காட்சி வளாகம். உள்ள ஷ்பீல்ங்கிற போர்டு கேம் திருவிழா நடக்குது. போர்டு கேம் ஆடுற யாராவது "அக்டோபர்ல எஸ்ஸன் போறேன்"னு சொன்னா இங்க வர்றாங்கன்னுதான் அர்த்தம். 1983ல இருந்து நடக்குது. வியாழன்ல ஆரம்பிச்சு ஞாயிறு வரைக்கும் நாலு நாள். 2024ல மட்டும் 2,04,000 பேர் வந்திருக்காங்க. ஸ்டேஷன்ல இருந்து யூ11 மெட்ரோ ஏறினீங்கன்னா வழியே கேக்க வேணாம். காலி டிராலியை இழுத்துட்டுப் போற கூட்டத்துக்குப் பின்னாடியே போனா போதும். காலி டிராலி எதுக்குன்னு சாயங்காலம் தெரியும்!

இது பெரும்பாலும் கடைதாங்க. ஒவ்வொரு கம்பெனியும் ஸ்டால் போட்டு, அதுக்குள்ளயே மேஜை நாற்காலி போட்டு வச்சிருக்கு. ஆடிப் பாத்துட்டு வாங்கலாம், வாங்காமலும் எந்திரிச்சுப் போகலாம். ஆனா நாற்காலி கிடைக்கணுமே! கல்யாண பந்தியில சாப்பிடுறவங்க முதுகுக்குப் பின்னாடி அடுத்த ஆள் வந்து நிப்பாங்கல்ல, அப்படியே நிக்கிறாங்க. ஆடிட்டு இருக்கிறவர் ஒரு காயை எடுத்து டப்பாக்குள்ள போட்டாலே இங்க நாலு பேர் முன்னாடி வர்றாங்க.

காலையில நானும் எல்லாரையும் மாதிரி பெரிய ஹாலுக்குத்தான் போனேன். எந்த ஸ்டால்னு சொல்லல. பெட்டியே ஒரு சூட்கேஸ் சைஸ். அரை மணி நேரத்துக்கு மேல ரூல்ஸ் மட்டுமே சொன்னாங்க. மரம், கல்லு, கோதுமை, அதை இதா மாத்து, இதைக் கொடுத்து பாயிண்ட் வாங்கு... நல்ல கேமாத்தான் இருக்கும், ஆனா நின்னுக்கிட்டே சாப்பிட்ட காலை டிபனோட அதைக் கேக்க முடியலைங்க. எந்திரிச்சு வந்துட்டேன்.

அப்புறம் கிடைச்சதுதான் ஸ்கை டீம். ஷ்பீல் டெஸ் யாரெஸ்னு ஒரு விருது இருக்கு, 1979ல இருந்து ஜெர்மனியில வருஷத்துக்கு ஒரு கேமுக்குக் கொடுக்கிறாங்க. 2024ல அதை வாங்கின கேம் இது. ரெண்டே பேர்தான் ஆட முடியும். ஒருத்தர் பைலட், ஒருத்தர் கோ-பைலட். சேர்ந்து விமானத்தைத் தரையிறக்கணும். முதல்ல மாண்ட்ரியால் ஏர்போர்ட். நான் தனியா வந்தவன், எதிர்ல உக்காந்தவங்களும் தனியா வந்தவங்க. அறுபது வயசு இருக்கும், ஜெர்மன் அம்மா. என் ஜெர்மன் ரொட்டிக் கடைக்கு மட்டும்தான் போதும். அவங்க இங்கிலீஷ் அதுக்கும் கீழ.

ஆனா பாருங்க, இந்த கேம்ல அது பிரச்சனையே இல்ல. ஒவ்வொரு ரவுண்டுலயும் பகடையை உருட்டுறதுக்கு முன்னாடி மட்டும்தான் பேசலாம். உருட்டிட்டா வாயைத் திறக்கக் கூடாது. ஆளுக்கு நாலு பகடை, எனக்கு நீலம், அவங்களுக்கு ஆரஞ்சு. தடுப்புக்குப் பின்னாடி மறைச்சு வச்சுக்கிட்டு, மாத்தி மாத்தி ஒவ்வொண்ணா போர்டுல வைக்கணும். நடுவுல ஒரு சின்ன விமானம் இருக்கு. நான் ஒரு பகடை, அவங்க ஒரு பகடை அங்க வச்சே ஆகணும். ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு அது பெரிய நம்பர் பக்கமா சாயும். நேரா இருக்கிற விமானம் மூணு சாய்ஞ்சா ஆட்டம் காலி.

நான் அஞ்சை வச்சுட்டேன். அந்தம்மா தடுப்புக்குப் பின்னாடி பாக்குறாங்க, என்னைப் பாக்குறாங்க, திரும்பவும் பகடையைப் பாக்குறாங்க. அவங்க கையில அந்த இடத்துக்கு மிச்சம் இருந்தது ரெண்டு! வச்சா வித்தியாசம் மூணு. பேசவும் முடியாது, முகத்துல எதையும் காட்டவும் கூடாது. அப்பதான் போர்டுல இருந்த காபி டோக்கனை மெதுவா எடுத்தாங்க. ஒரு காபியைச் செலவு பண்ணா பகடையில ஒண்ணு கூட்டிக்கலாம், இல்ல குறைச்சுக்கலாம். ரெண்டு மூணாச்சு. விமானம் என் பக்கமா ரெண்டு சாய்ஞ்சு நின்னுச்சு. அடுத்த ரவுண்டுல அவங்க நாலு வச்சாங்க, நான் சட்டுனு ரெண்டை வச்சேன், நேராயிடுச்சு. அந்தம்மா மேஜையை ஒரு தட்டு தட்டினாங்க பாருங்க! ரூல்ஸ் சொல்லிக்கொடுத்த ஸ்டால் பையனே திரும்பிப் பாத்தான். கடைசியில ரன்வேயில பிரேக் போதாம விட்டுட்டோம், அது வேற விஷயம்.

அதுக்கப்புறம் எனக்கு ஒரே வெறி. எதெதுல எதைச் செய்யக் கூடாதுன்னு ஒரு தடை இருக்கோ, அந்த கேமாத் தேடிப் போனேன். ஓய்ங்க் கேம்ஸ்னு ஜப்பான் கம்பெனி, பெட்டி எல்லாம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அவங்களோட ஸ்கௌட்ல என்ன தடைன்னா, கையில வந்த சீட்டை அடுக்கக் கூடாது. வந்த வரிசையிலேயே பிடிக்கணும். சின்ன வயசுல இருந்து ரம்மி ஆடின கைங்க இது! அடுக்கத்தானே போகும்? பக்கத்து பக்கத்துல இருக்கிற சீட்டைத்தான் செட்டாவோ வரிசையாவோ இறக்க முடியும். இறக்க வழியில்லன்னா, மேஜையில கிடக்கிற செட்டோட ஓரத்துல இருந்து ஒரு சீட்டை எடுத்து நம்ம கைக்குள்ள எங்க வேணா சொருகிக்கலாம். அந்த ஒரு சொருகல்லதான் கேமே இருக்கு. அடுக்கக் கூடாதுங்கிற இந்த யோசனை புதுசு ஒண்ணும் இல்ல. 1997லயே உவே ரோசன்பெர்க் போனான்ஸாவுல பண்ணிட்டார். பீன்ஸ் விதைக்கிற சீட்டு விளையாட்டு, இன்னைக்கும் இங்க விக்குது.

பாம் பஸ்டர்ஸ், 2025ல அதே ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருதை வாங்கின கேம். அதையும் ஆடணும்னு வரிசையில நின்னேன், நகரவே இல்ல. விட்டுட்டேன்.

போற வழியில ஷ்மிட் ஷ்பீலே ஸ்டால். அங்க மென்ஷ் ஏர்கரே டிஷ் நிஷ்ட் இருக்கு. ஜெர்மன்காரங்களோட லூடோன்னு வச்சுக்கங்க. மூலம் நம்ம ஊர் பச்சீசிதான். 1914ல இருந்து பெரிய அளவுல தயாரிக்க ஆரம்பிச்சாங்க. முதல் உலகப் போர் சமயத்துல 3,000 பெட்டியை ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பி வச்சாராம் இதை உருவாக்கின ஷ்மிட். அதுக்கப்புறம்தான் வீட்டுக்கு வீடு போயிருக்கு. தாயம் ஆடி வளந்தவங்களுக்கு அதுல புதுசா ஒண்ணும் இல்ல. நம்ம அம்மாச்சிங்க வெட்டுற வேகம் இவங்களுக்கு வராது.

சரி, கடைசியா க்ரூன்னு ஒரு சீட்டு கேம். 2019ல வந்தது, டிசைன் பண்ணவர் தாமஸ் சிங். சிங்னதும் பஞ்சாபியான்னு கேக்காதீங்க, ஜெர்மன்காரர். எனக்கு இன்னைக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். ஊர்ல இருபத்தெட்டுன்னு சீட்டாட்டம் ஆடியிருக்கீங்களா? இலங்கைக்காரங்கன்னா முந்நூத்தி நாலு. ஜோடிக்கு கண்ணைச் சிமிட்டுறது, தொண்டையைச் செருமுறதுன்னு திருட்டு சிக்னல் கொடுப்போம்ல? இங்க அதையே ரூலாக்கி வச்சிருக்காங்க. எல்லாரும் ஒரே டீம். ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவை, ஒரு சீட்டைத் திருப்பி வச்சு, அந்தக் கலர்ல எனக்கு இதுதான் பெருசு, இல்ல இதுதான் சிறுசு, இல்ல இது ஒண்ணுதான் இருக்குன்னு டோக்கன் வச்சுக் காட்டலாம். வேற மூச்சு விடக் கூடாது.

இதைப் பெட்டி வாங்காமலேயே ஆடிப் பாக்கலாம் மக்களே. ரெண்டு கட்டு சீட்டு எடுத்துக்கங்க. முதல் கட்டுல நாலு ஜாதியிலயும் ஏஸை ஒண்ணுன்னு வச்சு, அதுல இருந்து ஒன்பது வரைக்கும் எடுங்க. அதோட இஸ்பேட் பத்து, ஜாக்கி, ராணி, ராஜாவைத் தனி துருப்பா வச்சுக்கங்க, இந்த நாலும் ஒரு தனி ஜாதின்னு நினைச்சுக்கங்க. மொத்தம் 40. மூணு பேர்ல இருந்து அஞ்சு பேர் வரைக்கும் எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுடுங்க. இஸ்பேட் ராஜா யார் கையில இருக்கோ அவங்கதான் கேப்டன், முதல் இறக்கம் அவங்களோடது. ரெண்டாவது கட்டுல ஒண்ணுல இருந்து ஒன்பது வரைக்கும் இருக்கிற சீட்டை மட்டும் கலைச்சு, ஒண்ணைத் திருப்புங்க. ஆட்டின் ஆறு வந்துச்சுன்னா, ஆட்டின் ஆறு இருக்கிற பிடியை, அதாவது அந்தச் சுத்துல எல்லாரும் இறக்கின சீட்டை, கேப்டனே எடுத்தாகணும். வேற யாராவது எடுத்துட்டா எல்லாருக்கும் தோல்வி. துருப்பை மட்டும் சிக்னலுக்குக் காட்டக் கூடாது. ஜெயிச்சுட்டீங்கன்னா அடுத்த தடவை ரெண்டு சீட்டைத் திருப்புங்க, கேப்டன் ஒண்ணு, அடுத்தவர் ஒண்ணு எடுத்துக்கட்டும். ஜெயிக்க ஜெயிக்க ஏத்திக்கிட்டே போங்க.